பார்க்கின்சனும் நடையும்: தடி, வாக்கர், தரையில் ஒரு கோடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்து 11 வருடம் ஆகிறது. மும்பை மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், செம்பூர், முலுண்ட், தாராவி என்று எங்கிருந்தோ யார் மூலமாகவோ நம்பர் வாங்கிக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "நடக்க முடியவில்லை, என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" திரும்பத் திரும்பச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. நியூராலஜிஸ்டிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதும், வீட்டில் பார்த்ததும்தான் இது. உங்கள் வீட்டு நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவரை நடக்க வைத்துப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் சொல்ல வேண்டும்.

கால் நன்றாகத்தானே இருக்கிறது, அப்புறம் ஏன் நடக்க முடியவில்லை?

காலில் பலம் இருக்கிறது. காலுக்குப் போகும் உத்தரவில்தான் கோளாறு. மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து போவதுதான் பார்க்கின்சன். பழகிப்போன அசைவுகளை நினைக்காமலே செய்ய வைப்பது அந்த டோபமின்தான். நாம் நடக்கும்போது "இப்போது வலது கால், இப்போது இடது கால்" என்று யோசிப்பதில்லை. இவர்கள் யோசித்தாக வேண்டும். யோசிக்க மறந்த நொடியில் எட்டு, அதாவது காலடி, சின்னதாகிவிடும், பாதம் தரையை உரசும், கை வீசாது, உடம்பு முன்னால் வளையும். சிலருக்கு அந்தச் சின்ன எட்டுகள் வேகம் பிடித்து, விழாமல் இருக்க ஓடுவதைப் போல ஆகிவிடும். லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்த நோயைப் பற்றி முதன்முதலில் எழுதியபோதே முன்னால் வளைந்த உடம்பையும் ஓட்டமாக மாறும் நடையையும் குறித்து வைத்திருக்கிறார்.

கால் பலமாக இருந்தும் நடை வரவில்லை என்பதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற கேள்விகளுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். முழங்கால் தேய்ந்தவருக்கும் இடுப்பு உடைந்தவருக்கும் உடம்புப் பாரத்தைத் தாங்கும் சாதனம் வேண்டும். பார்க்கின்சன்காரருக்கு நடையின் தாளம் அறுந்து போகாமல் பார்த்துக்கொள்ளும் சாதனம் வேண்டும்.

காலையில் நன்றாக நடந்தார். மத்தியானம் கதவருகே போனதும் கால் ஒட்டிக்கொண்டது என்கிறார். நடிக்கிறாரா?

நடிக்கவில்லை. இந்தச் சந்தேகம் வராத வீடு இல்லை, எங்கள் வீட்டிலும் வந்தது. அதற்காக அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

இதை உறைதல் என்பார்கள். பாதத்தைப் பசை போட்டு ஒட்டிய மாதிரி இருக்கும் என்று அப்பா சொல்வார். மேல் உடம்பு போக நினைக்கும், கால் வராது, விழுவது அப்போதுதான். இது சில இடங்களில் அதிகமாக வரும். கதவு நிலை, குறுகலான இடம், திரும்பும்போது, நாற்காலியை நெருங்கும்போது, அப்புறம் அவசரம். அவசரம்தான் மோசம்.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழைய கம்பிக் கதவு வைத்தது. கதவைத் திறந்து யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும், மூடாவிட்டால் மேலே இருப்பவர்கள் மணி அடித்துக்கொண்டே இருப்பார்கள். குறுகல், வாசற்படி, மணிச் சத்தம், காத்திருக்கும் ஆட்கள் என்று எல்லாம் சேர்ந்து வரும் இடம் அது. கூடத்தில் நன்றாக நடந்து வந்த மனிதர் லிஃப்ட் வாசலில் மட்டும் சிலையாக நின்றுவிடுவார். அதே மனிதர் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று ஏறுவார். பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். படி ஒவ்வொன்றும் கண்ணுக்கு "இங்கே காலை வை" என்று சொல்கிறது, சமதளம் ஒன்றும் சொல்வதில்லை. நாலு எட்டு நடக்க முடியாமல் உறைந்து போகும் ஒருவர் சைக்கிளை அழகாக ஓட்டியதை நெதர்லாந்து டாக்டர்கள் 2010இல் வெளியிட்டார்கள். உங்கள் வீட்டு நோயாளியைச் சைக்கிளில் ஏற்றச் சொல்லவில்லை. நடிப்பு என்ற பேச்சை நிறுத்துவதற்காகச் சொல்கிறேன்.

தரையில் கோடு போட்டால் நடப்பார்கள் என்கிறார்களே, உண்மையா?

பலருக்கு உண்மை. எனக்கு இது தெரிய வந்ததே ஒரு கோலத்தால். ஒரு மார்கழிக் காலையில் அம்மா வீட்டு வாசலில், லிஃப்டுக்குப் போகும் நடைவழியில், ஒரு படிக்கோலம் போட்டிருந்தாள். குறுக்கே குறுக்கே இழுத்த இரட்டைக் கோடுகள். அப்பா நிலையில் வந்து நின்றார். கால் வரவில்லை. "கோலத்தை மிதிக்காதீங்க" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். அப்பா கீழே பார்த்தார், முதல் கோட்டைத் தாண்டி ஓர் எட்டு வைத்தார், அடுத்ததைத் தாண்டி இன்னொன்று. லிஃப்ட் வரைக்கும் போய்விட்டார். நாங்கள் இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிசியோதெரபிஸ்டிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியம் இல்லை. நடைக்குக் குறுக்கே போட்ட கோடுகள் எட்டைப் பெரிதாக்கும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். தானாக வராத அசைவைக் கண்ணில் பட்ட குறி வழியாக மூளை வேறு பாதையில் செய்து முடிக்கிறது. புனேயைச் சேர்ந்த மிலேஹா சோனேஜி என்ற வடிவமைப்பாளர், பார்க்கின்சன் வந்த தன் மாமா சமதளத்தில் தடுமாறிப் படியில் சுலபமாக நடப்பதைக் கவனித்து, படிக்கட்டு மாதிரித் தோன்றும் படத்தைத் தரையில் ஒட்டி அவரை நடக்க வைத்தார்.

செய்வது சுலபம். தரையின் நிறத்துக்கு நேர் எதிரான நிறத்தில் ஒட்டும் டேப் வாங்கிக்கொள்ளுங்கள். நடக்கும் திசைக்குக் குறுக்கே ஒட்டுங்கள், நீளவாக்கில் ஒட்டினால் பலன் இல்லை. இடைவெளி, அவர் நல்ல நேரத்தில் வைக்கும் எட்டின் அளவுக்கு இருக்கட்டும், சுமார் ஒன்றரை அடி. உறையும் இடத்தில் மட்டும் ஒட்டினால் போதும்: கதவு நிலை, பாத்ரூம் வாசல், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே. டேப்பின் ஓரம் பெயர்ந்து நின்றால் அதுவே காலைத் தட்டும், அவ்வப்போது பாருங்கள்.

கண்ணைப் போலவே காதும் உதவும். அப்பா ஷண்முகானந்தா சபாவில் வருடக்கணக்காகக் கச்சேரி கேட்டவர். தொடையில் "தக திமி, தக திமி" என்று தட்டிக்கொண்டு புறப்பட்டால் கால் கூடவே வருகிறது. தாளம் பிடிக்காதவர்கள் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணலாம், மொபைலில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்துக்கொள்ளலாம். எந்த வேகம் என்பதை மட்டும் பிசியோதெரபிஸ்டைக் கேட்டு வையுங்கள். ஓட்டமாக மாறும் நடை உள்ளவருக்குத் தாளம் வேகமாக இருந்தால் ஆபத்து.

உறைந்து நிற்கும்போது கூட இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உடம்பு வரும், கால் வராது. "வாங்க வாங்க, சீக்கிரம்" என்றும் சொல்லாதீர்கள்.

எங்கள் வீட்டில் நாலு வார்த்தை பழக்கம். நில்லுங்க, மூச்சு விடுங்க, சாயுங்க, எட்டு வைங்க. போக முயல்வதை முழுக்க நிறுத்த வேண்டும். நிமிர்ந்து ஒரு நீண்ட மூச்சு. பாரத்தை ஒரு காலுக்கு மாற்றி, பிறகு மறு காலுக்கு மாற்றி, இப்படி இரண்டு மூன்று முறை மெதுவாக ஆட வேண்டும். பாரம் இல்லாத காலால் பெரிதாக ஓர் எட்டு. அப்படியும் வரவில்லை என்றால் உங்கள் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்து, "இதைத் தாண்டுங்க" என்று சொல்லிப் பாருங்கள். தாண்டும் நேரத்தில் காலை எடுக்க மறக்காதீர்கள்.

திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலக் கூடாது. ஆட்டோ யூ-டர்ன் எடுப்பதைப் போல அகலமாக வளைந்து வரச் சொல்லுங்கள்.

தடி எப்போது வேண்டும்? எந்தத் தடி?

ஒரு தடவை விழுந்தாலோ, விழப்பார்த்து சுவரைப் பிடித்தாலோ அப்போதே பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். லேசான தடுமாற்றத்துக்கு ஒற்றைத் தடி போதும். வழக்கமான செருப்பைப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் கைப்பிடி மணிக்கட்டு ரேகைக்கு வர வேண்டும். பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கும். இறுக்கமும் நடுக்கமும் குறைந்த கைதான் பெரும்பாலும் தோதாக இருக்கும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்து வழவழப்பானால் உடனே மாற்றுங்கள். மும்பை மழைக்காலத்தில் மாடிப்படி, நடைவழி எல்லாம் ஈரமாகத்தான் கிடக்கும்.

நாலு கால் தடி அதிகப் பாதுகாப்பு என்று நினைத்து வாங்குகிறார்கள். நாலு காலும் ஒரே நேரத்தில் தரையில் பட்டால்தான் அது நிற்கும். நடந்துகொண்டே இருக்கும்போது அப்படிப் படுவதில்லை. உரசி நடக்கும் பாதம் அதில் சிக்கவும் செய்யும். பார்க்கின்சன் உள்ளவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

தடியைப் பிடிக்க வெட்கப்படுவார்கள். அப்பா 7 மாதம் மறுத்தார். அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர், மாட்டுங்கா மார்க்கெட்டில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். நான் வற்புறுத்தியதில் பலன் இல்லை. அவரோடு காலையில் நடக்கும் நண்பர் ஒருவர் தனக்கே ஒரு தடி வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் அப்பா தன் தடியை எடுத்துக்கொண்டார்.

மெடிக்கல் ஷாப்பில் அலுமினிய வாக்கர் வாங்கிவிட்டோம். பயன்படுத்தலாமா?

சக்கரம் இல்லாத, தூக்கித் தூக்கி வைத்து நடக்கும் வாக்கரைத்தானே சொல்கிறீர்கள்? தயவுசெய்து பிசியோதெரபிஸ்டிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

எங்களுக்கு நடந்தது இது. அப்பா இரண்டு முறை விழுந்ததும் பயந்துபோய்க் கடைக்கு ஓடினேன். "வயசானவங்களுக்கு எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை, நான் என்ன நோய் என்று சொல்லவே இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் வாக்கரை இரண்டு கையாலும் தூக்கிய அப்பா அப்படியே பின்னால் சாய்ந்தார். கட்டில் விளிம்பில் தலை பட்டு மூன்று தையல்.

காரணம் பிறகுதான் புரிந்தது. பார்க்கின்சனில் பின்னால் சாய்ந்தால் சமாளித்து நிற்கும் சக்தி குறைந்துவிடும். வாக்கரைத் தூக்கும்போது இரண்டு கையும் தரையை விட்டுப் போய்விடுகிறது, பாரம் பின்னால் போகிறது. அதோடு தூக்கு, வை, எட்டு எடு, நில், மறுபடி தூக்கு என்று ஒவ்வோர் எட்டுக்கும் நடை நின்று நின்று தொடங்க வேண்டும். நடையைத் தொடங்குவதுதான் இவர்களுக்கு இருப்பதிலேயே கஷ்டமான வேலை. ஒவ்வொரு தொடக்கமும் உறைவதற்கு ஒரு வாய்ப்பு. சிலர் வாக்கரைத் தரையில் வைக்காமலே, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வாக்கர் வீண்போகவில்லை. கீழ்வீட்டு மாமிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது கொடுத்தேன். அவருக்கு அது கச்சிதமாக உதவியது.

அப்படியானால் சக்கர வாக்கர் நல்லதா?

நிற்காமல் தள்ளிக்கொண்டே போகலாம் என்பதால் பலருக்கு நாலு சக்கர வாக்கர்தான் தோது. ரோலேட்டர் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். முன் சக்கரம் சுழல்வதால் திரும்புவது எளிது, உட்கார ஒரு பலகையும் இருக்கும்.

ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. நடை ஓட்டமாக மாறுகிறவருக்கு ரோலேட்டர் முன்னால் ஓடும், இவர் பின்னால் ஓடுவார். அந்த நொடியில் பிரேக்கை அழுத்தக் கைக்கும் புத்திக்கும் வேகம் வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குத் தலைகீழ் பிரேக் உள்ள வண்டி உண்டு. பிடியை அழுத்தினால் ஓடும், விட்டால் தானாக நின்றுவிடும். சக்கரம் எவ்வளவு இறுக்கமாக உருள வேண்டும் என்று திருகி வைக்கும் வகையும் இருக்கிறது. விலை கூடுதல். மறதி அதிகமாகிவிட்ட ஒருவரிடம் எந்த வண்டியையும் தனியே விட்டுவிட முடியாது.

வாங்குவதற்கு முன் வீட்டுக் கதவுகளை அளந்து பாருங்கள். ரோலேட்டர் பெரும்பாலும் இரண்டடி அகலத்துக்கு இருக்கும். மும்பையின் பழைய வீடுகளில் பாத்ரூம் கதவு அதைவிடப் பெரிதாக இருப்பதே அபூர்வம். எங்கள் வீட்டில் ரோலேட்டர் பாத்ரூம் வாசல் வரைதான் வரும், உள்ளே சுவரில் துளையிட்டுப் பொருத்திய இரும்புக் கைப்பிடி. ரப்பர் உறிஞ்சியால் ஒட்டும் கைப்பிடியை நம்பாதீர்கள், ஈரச் சுவரில் கழன்று வந்துவிடும்.

வண்டியைத் தூரமாகத் தள்ளிவிட்டுக் குனிந்து போகக் கூடாது. பின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உடம்பு இருக்க வேண்டும். உட்காரும் முன் பிரேக்கைப் பூட்டுங்கள், முடிந்தால் வண்டியின் முதுகைச் சுவரில் சாய்த்து வையுங்கள்.

லேசர் கோடு போடும் தடி வாங்கலாமா?

பாதத்துக்கு முன்னால் ஒரு சிவப்புக் கோட்டை வீழ்த்தும் தடியும் வாக்கரும் கிடைக்கின்றன. கோலம் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. சிலருக்கு நன்றாக உதவும், நல்ல வெயிலில் கோடு தெரியாது. வீட்டில் டேப் ஒட்டிப் பாருங்கள். கோட்டுக்கு அவர் கால் பதில் சொல்கிறது என்றால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

மருந்துக்கும் நடைக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரம், அது இறங்கும் நேரம் என்று நாள் பிரிந்துவிடும். பெரும்பாலும் உறைவது இறங்கும் நேரத்தில். அதனால் மாத்திரை நேரம் தவறவே கூடாது. குளியல், வெளியே போவது எல்லாம் மருந்து வேலை செய்யும் நேரத்தில் இருக்கட்டும். பருப்பு, பால், தயிர், முட்டை, மீன் இவற்றில் உள்ள புரதம் மருந்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் தண்ணீரில் விழுங்கச் சொல்வார்கள். பாலில் விழுங்க வேண்டாம்.

எழுந்து நின்றதும் தலை சுற்றினால் இரத்த அழுத்தத்தைப் படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதுவே விழுவதற்குக் காரணமாக இருக்கலாம். தடியை மாற்றிப் பயனில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். தலைசுற்றல், வாந்தி என்று பக்கத்து கிளினிக்குக்குப் போனால் சாதாரணமாக எழுதிக் கொடுக்கும் புரோகுளோர்பெரசின், மெட்டோகுளோபிரமைட், சின்னரிசின், ஃபுளூனரிசின் ஆகியவை டோபமினைத் தடுத்துப் பார்க்கின்சனை மோசமாக்கக் கூடியவை. எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக "இவருக்குப் பார்க்கின்சன்" என்று சொல்லுங்கள். லெவோடோபாவை நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து.

என்ன செருப்பு?

ஹவாய் செருப்பு வேண்டாம். குதிகாலைப் பிடிக்கும், ஒட்டும் பட்டை வைத்த செருப்பு நல்லது. அடிப்பாகம் வழுக்கக் கூடாது. அதற்காகத் தரையைக் கவ்விக்கொள்ளும் கெட்டி ரப்பரும் வேண்டாம், உரசி நடக்கும் பாதம் அதில் தடுக்கி முன்னால் விழுவார்கள்.

வெளியே அழைத்துப் போகலாமா?

கட்டாயம் போங்கள். நடையை விட்டால் நடை போய்விடும். நாங்கள் ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா பக்கம் காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் போவோம். நடக்கும்போது அவரிடம் கதை பேசுவதில்லை. அவர் மூளை நடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பேச்சு அதைத் திருடிவிடும். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் நின்று சொல்வோம். கையில் பையும் கொடுப்பதில்லை. லோக்கல் ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்கும் புற்றுநோயாளிகளுக்கும் உள்ள தனிப் பெட்டியில் ஏறலாம். ஆனால் வண்டி நிற்கும் சில நொடிக்குள் இறங்க வேண்டும் என்ற அவசரமே காலை உறைய வைக்கும், ஆகவே நாங்கள் டாக்ஸியில்தான் போகிறோம்.

அரசு உதவி ஏதாவது கிடைக்குமா?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 குறைபாடுகளில் பார்க்கின்சனும் ஒன்று. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவர்கள் சான்று தந்தால் சட்டத்தில் உள்ள பல சலுகைகளைக் கேட்கலாம். அதற்கான தனி அடையாள அட்டைக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள முதியவர்களுக்குத் தடி, வாக்கர் போன்றவற்றை இலவசமாகக் கொடுக்கும் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017இல் தொடங்கியது. ஹாஜி அலியில் மத்திய அரசின் அகில இந்திய உடல் மருத்துவ மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. மும்பையில் 2001இல் தொடங்கிய பார்க்கின்சன்ஸ் டிசீஸ் அண்ட் மூவ்மென்ட் டிஸார்டர் சொசைட்டி என்ற அமைப்பு நோயாளிகளையும் குடும்பத்தாரையும் கூட்டி உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறது. இந்தி தெரியாது என்று அம்மாக்கள் தயங்குவார்கள். தயங்க வேண்டாம், பயிற்சியைப் பார்த்தே செய்யலாம்.

நோய் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, அதற்குள் அடிக்கடி விழுகிறார். இது சாதாரணமா?

இல்லை. பார்க்கின்சனில் சமநிலை கெட்டு விழுவது பொதுவாகப் பல வருடம் கழித்துத்தான். முதல் மூன்று வருடத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப விழுந்தால் வேறு நோயாகவும் இருக்கலாம் என்று நியூராலஜிஸ்ட் பார்ப்பார். தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

விழுந்துவிட்டால் எப்படித் தூக்குவது?

உடனே தூக்காதீர்கள். தலையில் அடியா, இடுப்பு வலிக்கிறதா, காலை அசைக்க முடிகிறதா என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்தாலோ பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தாலோ அசைக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அடி இல்லை என்றால் அக்குளில் கை கொடுத்து இழுக்காமல், அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பிறகு முழங்காலும் கையும் ஊன்ற வையுங்கள். முன்னால் ஒரு கெட்டியான நாற்காலியைப் போடுங்கள். இரண்டு கையையும் அதில் ஊன்றி, பலமான காலை முன்னால் மடக்கி வைத்து, அவரே எழட்டும். நீங்கள் இடுப்பருகே காவலாக நில்லுங்கள். பின்னாலேயே இன்னொரு நாற்காலியைத் தள்ளிவிட்டால் அப்படியே உட்கார்ந்துகொள்வார்.

உட்கார்ந்து மூச்சு வாங்கி முடித்ததும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த இடம், மணி என்ன, கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, கையில் தடி இருந்ததா, முன்னால் விழுந்தாரா பின்னால் விழுந்தாரா, அப்போது யாராவது கூப்பிட்டார்களா. அப்பாவின் நோட்டில் 14 பதிவுகள் இருந்தன. டாக்டர் அதை ஐந்து நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டு, அதில் பதினொரு பதிவு சாயங்காலம் நாலிலிருந்து ஐந்துக்குள் நடந்திருக்கிறது என்று காட்டி, மத்தியான மாத்திரையை முக்கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்.